கடல் தண்ணீருக்குச் சுண்ணாம்பு போட முடியுமா?

மரக்காணம் வட்டம் அனுமந்தையில் இறால் குட்டை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ''கடல் தண்ணீர் அமிலமாகிறது, சிப்பி, மட்டி ஓடெல்லாம் கரைந்துவிடும் என்கிறார்கள். நாங்கள் ஓடைத் தண்ணீரைத்தான் குட்டைக்கு எடுக்கிறோம். இறாலுக்கும் ஆபத்து வருமா? சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?''

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், இதில் நெல் வயல்காரர்களுக்கும் பங்கு இருப்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன். நான் படித்தது மண்ணைப் பற்றி. ஆனாலும் பி.ஹெச் கணக்கு மண்ணுக்கும் கடலுக்கும் ஒன்றுதான்.

முதலில், கடல் புளித்துவிடவில்லை. தொழிற்புரட்சிக்கு முன்பு மேல்மட்டக் கடல் நீரின் பி.ஹெச் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. மண் பரிசோதனை அட்டையில் 8.1 என்று வந்தால், 'காரத்தன்மை' என்றுதான் எழுதிக் கொடுப்பேன். கடல் இன்னும் காரம்தான். அந்தக் காரம் குறைந்து வருகிறது. 0.1 தானே என்று விட்டுவிட முடியாது. பி.ஹெச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும், 0.1 இறங்கினாலே கால் பங்கு கூடிவிடும். காரணம் புகை. காற்றில் 280 பி.பி.எம் அளவில் இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சோடா பாட்டிலுக்குள் இருப்பதும் அதுதான்.

இதற்கும் சிப்பிக்கும் என்ன தொடர்பு என்பதை உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கடல் தண்ணீர் பாத்தியில் வற்றும்போது முதலில் படிவது உப்பு அல்ல, சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு விளையும். ஆக, கடல் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தே இருக்கிறது. பாத்தியில் வெயில் செய்கிற வேலையைச் சிப்பி தன் உடம்புக்குள் செய்து ஓடு கட்டுகிறது. அதற்கு இரண்டு சரக்கு வேண்டும்: கால்சியம், கார்பனேட். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் இருக்கிறது, பஞ்சமே இல்லை. அமிலம் கூடும்போது கார்பனேட்தான் பைகார்பனேட்டாக மாறிக் குறைந்துபோகிறது. செங்கல் மலைபோலக் குவிந்திருந்தும் சிமென்ட் வராமல் நின்றுபோன வீட்டைப் போலத்தான்.

வளர்ந்த சிப்பி ஓரளவு தாங்கும். அடி விழுவது குஞ்சுக்கு. முட்டை பொரித்த இரண்டு நாளுக்குள் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் அதற்கு இரை எடுக்கத் தெரியாது. தாய் முட்டையில் வைத்த சத்துதான் கையிருப்பு. குஞ்சின் ஓடு 'அரகோனைட்' என்ற சுலபமாகக் கரையும் வகை. தண்ணீர் ஒத்துழைக்காவிட்டால் கையிருப்பு முழுவதும் ஓடு கட்டுவதிலேயே தீர்ந்து குஞ்சு செத்துவிடும். அதனால், 'ஓடு கரைகிறது' என்பதைவிட 'ஓடு கட்டவே முடியவில்லை' என்பதுதான் சரி.

இது நடந்த இடம் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரை. அங்கே விஸ்கி க்ரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் 2007 வாக்கில் குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்தன. முதலில் 'விப்ரியோ' பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். தண்ணீரைச் சுத்திகரித்த பிறகும் சாவு நிற்கவில்லை. பிறகுதான், ஆழ்கடலிலிருந்து மேலே ஏறி வந்த கரியமில வாயு மிகுந்த தண்ணீரே காரணம் என்று பிடிபட்டது. அவர்கள் செய்த தீர்வு எளிமையானது. தண்ணீரில் சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட் கலந்தார்கள். தண்ணீர் எடுக்கும் நேரத்தையும் மாற்றினார்கள். கடற்புல் பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.ஹெச் ஏறியிருக்கும், அப்போது பம்பை ஓட்டினார்கள். குஞ்சு செத்தால் உடனே விப்ரியோ என்று மருந்துக்கடைக்கு ஓடுகிற பழக்கம் நம் பக்கமும் உண்டு என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

நம் கரையில் கவனிக்க வேண்டியது, நிலத்திலிருந்து போகும் தண்ணீர். திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கழுவெளியில் சேர்ந்து, ஓடை வழியாக எடையன்திட்டு கழிமுகத்துக்குப் போகிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதே கழுவெளிதான். மழைத் தண்ணீர் கடல் நீரின் காரத்தை நீர்க்கச் செய்யும். கூடவே வயலிலிருந்து யூரியாவும், குட்டையிலிருந்து தீவனக் கழிவும் போனால் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது கரியமில வாயு வெளிவரும். புகைக்கூண்டு இல்லாமலே கழிமுகத்தில் அமிலம் கூட இவ்வளவு போதும். மேலுரம் போட்ட கையோடு வடிகாலைத் திறந்துவிடும் வயல்காரர்களுக்கு இதில் காசும் நஷ்டம்தான். யூரியாவைப் பிரித்துப் போட்டு, சில நாள் தண்ணீரைக் கட்டி வையுங்கள்.

இப்போது இறாலுக்கு வருகிறேன். இறால் ஓட்டின் அடிப்படை 'கைட்டின்'. அதனால் சிப்பி அளவுக்குப் பயம் இல்லை. ஆனால், ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் புது ஓட்டை இறுக்கத் தண்ணீரிலிருந்து கால்சியமும் பைகார்பனேட்டும் எடுக்கிறது. கடல் தண்ணீரின் மொத்தக் காரத்தன்மை சுமார் 115 பி.பி.எம். வன்னாமி குட்டையில் இது 100-க்குக் கீழே போக விடாதீர்கள். முதல் மழையில் கலங்கி வரும் ஓடைத் தண்ணீரை ஏற்ற வேண்டாம். கடல் ஏற்றத்தில், பிற்பகலில் எடுங்கள். பி.ஹெச்-ஐ விடியற்காலையிலும் மதியம் 3 மணிக்கும் பாருங்கள். வித்தியாசம் 0.5-க்கு மேல் இருந்தால் பாசி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நிறம் மாறும் காகிதம் இதற்கு உதவாது. பேனா மீட்டர் வேண்டும், அதையும் 7, 10 பஃபர் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு? குட்டைக்குப் போடலாம். டோலமைட் அல்லது வேளாண் சுண்ணாம்பை நாலைந்து நாளாகப் பிரித்துப் போடுங்கள். இறால் இருக்கும் குட்டையில் சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பி.ஹெச் எகிறி, அம்மோனியா விஷமாகிவிடும். கரையை உயர்த்த, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருப்புச் சேற்றைத் தோண்டிப் போடாதீர்கள். அது காற்றுப் பட்டுக் காய்ந்தால் கந்தக அமிலமாகும். கேரளத்தின் குட்டநாட்டு விவசாயிகள் இதோடு எத்தனையோ காலமாகப் போராடுகிறார்கள்.

கடலுக்குச் சுண்ணாம்பு போட நம்மால் முடியாது. ஆனால், அங்கே ஏற்கெனவே கிடக்கும் சுண்ணாம்பை எடுக்காமல் இருக்கலாம். சூளைக்கும் கோழித் தீவனத்துக்கும் கிளிஞ்சலை வழித்தெடுக்கும்போது இரண்டு நஷ்டம். பழைய ஓடு மெல்லக் கரைந்து, சுற்றியுள்ள சேற்றின் அமிலத்தைத் தணிக்கிறது. சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளத் தேடுவதும் பழைய ஓட்டைத்தான். குட்டையின் மதகிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டினால், அந்த ஓட்டைக் குப்பையில் கொட்டாமல் ஓடையிலேயே போட்டுவிடுங்கள்.