அடுத்து எவரைப் படிப்பது? – குற்றப் புனைகதை வாசிப்புப் பற்றிச் சில குறிப்புக்கள்

1

துப்பறியும் கதைகளில் ஈடுபாடுடைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். ஆர்தர் கொனன் டொயில் ஷேர்லொக் ஹோம்ஸை நாயகனாக வைத்து எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் அவர் படித்து முடித்துவிட்டார். அகதா கிறிஸ்ரியின் நாவல்களிலும் நூலகத்திற் கிடைத்தவை யாவும் தீர்ந்துவிட்டன. இனி எவரைப் படிக்கலாம் என்பதே அவரது வினா. இவற்றை விடுத்து நல்ல நாவல்களைப் படிக்கலாமே என்று நாம் கூறினோம். அவர் மரியாதையுடன் தலையசைத்துவிட்டுச் சென்றார். ஒரு வாரத்தின் பின்னர் அவர் கையில் நாம் கண்டது, ஹோம்ஸின் பெயரைப் பயன்படுத்தி வேறெவரோ எழுதிய மலிவுப் பதிப்பொன்றையே.

வினாவை நாம் தட்டிக்கழித்தோம். புத்தக வியாபாரி அதற்கு விடையளித்துவிட்டார். இது எமது தனிப்பட்ட தவறு மாத்திரமன்று. முற்போக்கு விமர்சகர் பலர் மர்ம நாவல்களையும் துப்பறியும் நாவல்களையும் 'நச்சிலக்கியம்' என ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு, அவற்றைப் படிக்கும் பெருந்தொகையான வாசகரைச் சந்தையின் பொறுப்பில் விட்டுவிட்டனர். ஆனால் மார்க்சியச் சிந்தனை மரபில் இதற்கு மாறான நோக்கும் உண்டு. அந்தோனியோ கிராம்ஷி சிறையிலிருந்து எழுதிய குறிப்பேடுகளில் துப்பறியும் நாவல் பரந்துபட்ட வாசகரை ஈர்ப்பதற்கான காரணங்களை ஆராய்ந்தார். பேர்ட்டோல்ட் பிரெக்ட் இவ்வகை நாவல்களை விரும்பிப் படித்ததோடு அவற்றின் பொதுசனக் கவர்ச்சி பற்றியும் எழுதினார். ஏர்ணெஸ்ற் மண்டேல் குற்றப் புனைகதையின் சமூக வரலாற்றை ஒரு தனிநூலாகவே 1984இல் வெளியிட்டார். மாணவரின் வினாவை அந்நோக்கினின்று மீள எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நூற்றலைப்புக்கள் பொருள்பற்றித் தமிழிலே தரப்படுகின்றன.

2

'அடுத்தது எது?' என்ற கேள்வி இவ்விலக்கிய வடிவத்தோடு உடன்பிறந்தது. லண்டன் மாநகரப் பொலிஸ் 1829இல் நிறுவப்பட்டது. அதன் துப்பறியும் பிரிவு 1842இல் தோன்றியது. இடையில், 1841இல், எட்கார் அலன் போவின் 'ரூ மோர்க் கொலைகள்' அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. பெருநகரத்தின் வளர்ச்சி, ஒருவரையொருவர் அறியாத மக்கட்கூட்டம், தனிச்சொத்தைப் பேணும் முழுநேரப் பொலிஸ் அமைப்பு, மலிவு விலைச் சஞ்சிகை ஆகியவை இல்லாது துப்பறிவாளன் தோன்றியிருத்தல் இயலாது.

ஹோம்ஸ் முதலில் தோன்றியது 1887இல் வெளிவந்த நாவலொன்றிலாயினும், அவனுக்குப் பெரும்புகழ் கிட்டியது 1891இல் தொடங்கப்பட்ட 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையிலேயே. தொடர்கதையின் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் முழுக்கதையிலும் ஆர்வம் இழந்துவிடுவர் என்பதை டொயில் உணர்ந்திருந்தார். ஒவ்வோர் இதழிலும் ஒரு கதை முற்றுப்பெறவேண்டும். நாயகன் மாத்திரம் தொடரவேண்டும் என்பது அவர் கண்ட வழி. 1893இல் அவர் ஹோம்ஸைச் சாகடித்தார். எனினும் வாசகரும் பதிப்பாளரும் விடவில்லை. 1903இல் ஹோம்ஸ் உயிருடன் மீண்டான். எழுதியவராலேயே நிறுத்த முடியாத இப்பொருளை வாசகர் மாத்திரம் நிறுத்திவிடுதல் வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இவ்வடிவத்தின் உட்கிடை யாது? சமூக ஒழுங்கு அடிப்படையிற் சரியானது, தனியொருவனின் பேராசையோ வஞ்சமோ அதனைக் குலைக்கின்றது, கூர்மதி படைத்த மற்றொருவன் அவனைக் கண்டுபிடிக்கின்றான், ஒழுங்கு மீள்கின்றது. கிறிஸ்ரியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. உலகப் போரொன்று முடிந்து, வேலைநிறுத்தங்களும் வேலையின்மையும் பிரித்தானியாவை உலுக்கிய அக்காலத்திலே, நாட்டுப்புற மாளிகையொன்றில் நிகழும் ஒரு கொலையும் அதன் துப்புத்துலங்கலும் வாசகருக்குப் பெரும் ஆறுதலை அளித்தன. தடயங்களை ஒழுங்குபடுத்துவதிலே கிறிஸ்ரிக்கிருந்த ஆற்றலை நாம் மறுக்கவில்லை. எனினும் அத்தகைய நாவல்களை நூற்றுக்கணக்கிற் படிப்பவர் ஒரே ஆறுதலை நூறு முறை பெறுகின்றார்.

இதனாலேயே, 'இவரைப் போல இன்னொருவர்' என்று தேடுவது பயன்தராது. ஒப்புமை பற்றிய தேடல், வாசகரைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். ஓர் எழுத்தாளர் எழுப்பிய வினாவை அடுத்து எடுத்துச் சென்றவர் எவர் என்று தேடும்போதுதான் புதிய எழுத்தாளர் கண்ணிற் படுகின்றனர்.

3

இவ்வழியில் முதலிற் காணப்படுபவர் டஷீல் ஹமற். பிங்கேட்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்திற் பணியாற்றிய அவர், அத்தொழிலை உள்ளிருந்தே அறிந்தவர். 1929இல் வெளிவந்த 'இரத்த அறுவடை'யில் வரும் சுரங்க நகரம் ஒரு முதலாளிக்குச் சொந்தமானது. தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க அவர் குண்டர்களை வரவழைக்கின்றார். வேலைநிறுத்தம் முறிந்தபின் குண்டர்கள் நகரத்தையே தமதாக்கிக் கொள்கின்றனர். இங்கே குற்றம் ஒழுங்கினைக் குலைக்க வெளியிலிருந்து வரவில்லை. ஒழுங்கு என்று சொல்லப்படுவதே குற்றத்தால் நிலைநிறுத்தப்பட்டது. ஹமற் பின்னர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். பிணைநிதிக்குப் பணம் உதவியோரின் பெயர்களை நீதிமன்றில் வெளியிட மறுத்தமைக்காக 1951இற் சிறை சென்றார். அவரைப் பின்பற்றியவர் றேமண்ட் சான்ட்லர். கொலையை மாளிகைப் புதிரினின்றும் மீட்டு, மெய்யான காரணங்களுக்காகக் கொலைசெய்யும் மனிதரிடம் சேர்ப்பித்தவர் ஹமற் என்பது, 1944இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்.

ஹமற்றிலிருந்து இரு பாதைகள் பிரிகின்றன. ஒன்று பாரிசுக்குச் செல்வது. அங்கு 1945இல் மார்சல் டுஹாமெல் தொடங்கிய 'கறுப்பு வரிசை' அமெரிக்கக் குற்ற நாவல்களைப் பிரெஞ்சு மொழிக்குக் கொணர்ந்தது. ஆயுதமேந்திய கொள்ளைக்காக ஏழு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கச் சிறையிலிருந்த கறுப்பின எழுத்தாளர் செஸ்ரர் ஹைம்ஸ் பாரிசில் வாழ்ந்தபோது, டுஹாமெலே அவரைக் குற்ற நாவல் எழுதத் தூண்டினார். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியைக் களமாகக் கொண்ட அவரது முதற் குற்ற நாவல் 1958இல் பிரெஞ்சிலே வெளிவந்து, அதே ஆண்டு அந்நாட்டின் முக்கிய குற்றப் புனைகதைப் பரிசினைப் பெற்றது. வெள்ளையரின் சட்டத்தைக் கறுப்பின மக்களிடையே செயற்படுத்தும் இரு கறுப்பினப் பொலிஸாரின் இரண்டகநிலையை இவ்வரிசை நாவல்களிற் காணலாம்.

மற்றைய பாதை சுவீடனுக்குச் செல்வது. மாய் ஷோவால், பேர் வாலூ என்னும் இணையர் மார்க்சியர். அமெரிக்கப் பொலிஸ் நாவலாசிரியர் எட் மக்பெயினைச் சுவீடிஷ் மொழிக்குப் பெயர்த்தவர்கள். 1965 முதல் 1975 வரை அவர்கள் சேர்ந்தெழுதிய 10 நாவல்களும் 'ஒரு குற்றத்தின் கதை' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் அமைந்தவை. ஒவ்வொன்றும் 30 அத்தியாயங்கள் கொண்டது. ஆகவே அவற்றை 300 அத்தியாயங்கள் கொண்ட ஒரே நாவலாகவும் கொள்ளலாம். அவ்வொரே குற்றம், நலன்புரி அரசு உழைக்கும் மக்களுக்கு இழைத்த துரோகம் என்பதே அவர்களது கருத்து. சுவீடிஷ் பொலிஸ் துறை நாடளாவிய ஒரே அமைப்பாக ஒன்றிணைக்கப்பட்டதும் 1965இலேயே. அம்மாற்றத்தின் விளைவுகளை வரிசை நெடுகிலும் அவதானிக்கலாம். முதல் நாவலாகிய 'ரோசெயன்னா'வில், கால்வாயிலிருந்து எடுக்கப்பட்ட பெண்ணொருத்தியின் சடலத்தை அடையாளம் காணவே நெடுங்காலம் செல்கின்றது. மார்ட்டின் பெக் ஹோம்ஸைப் போன்ற மேதையல்லன். சளைக்காது உழைக்கும் அரச ஊழியன். துப்புத்துலக்கல் இங்கு பலர் கூடிச் செய்யும் வேலையாகின்றது. இறுதி நாவலின் இறுதிச் சொல் 'மார்க்ஸ்' என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

4

எழுத்தாளரை எழுத்தாளருடன் இணைக்கும் இத்தகைய தொடர்புகளை வாசகர் தாமே கண்டறிய மூன்று சாதனங்கள் உதவும்.

முதலாவது, ஓர் எழுத்தாளர் எவரை மொழிபெயர்த்தார், எவரைப் பெயர்சொல்லிப் போற்றினார் என்பது. சிசிலிய எழுத்தாளர் அந்திரேயா கமிலேரி 1994இல் அறிமுகப்படுத்திய பொலிஸ் அதிகாரியின் பெயர் மொந்தல்பானோ. அது ஸ்பானிய எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானுக்குச் செய்த மரியாதை. அப்பெயரைப் பின்தொடரும் வாசகர் 1979இல் வெளிவந்த 'தென்கடல்கள்' நாவலைச் சென்றடைவர். அதிலே, தென்கடற் தீவுகளுக்குச் செல்லக் கனவுகண்ட ஒரு முதலாளி, தானே கட்டுவித்த தொழிலாளர் குடியிருப்பில் ஓராண்டு மறைந்து வாழ்ந்தபின் சடலமாகக் காணப்படுகின்றார். பிராங்கோவின் மறைவுக்குப் பிந்திய பார்சலோனாவை அறிய விரும்புவோர் தவறவிடக்கூடாத நூல் இது. சிசிலியிலிருந்து பின்னோக்கிச் செல்பவர் லியொனார்டோ ஷாஷா 1961இல் எழுதிய 'ஆந்தையின் நா'ளைக் காண்பர். மாபியாவுக்கும் அரசியல் அதிகாரத்துக்கும் இடையேயுள்ள பிணைப்பை அச்சிறுநாவல் வெளிப்படுத்துகின்றது. கிரேக்கத்தில், பிரெக்டை மொழிபெயர்த்த பெற்றோஸ் மார்க்கரிஸ் 1995இல் அல்பேனியக் குடியேறிகளின் கொலையோடு தமது பொலிஸ் நாவல் வரிசையைத் தொடங்கினார். 2010 முதல் நாட்டின் கடன் நெருக்கடியையே களமாக்கினார்.

இரண்டாவது, பரிசுகள். நோர்டிக் நாடுகளின் குற்றப் புனைகதைக்கு 1992 முதல் வழங்கப்படும் பரிசின் பெயர் 'கண்ணாடிச் சாவி'. ஹமற் 1931இல் வெளியிட்ட நாவலின் பெயரே அது. அதனை முதலிற் பெற்றவர் சுவீடனின் ஹென்னிங் மன்கெல். 1991இல் வெளிவந்த அவரது 'முகமற்ற கொலைஞர்', முதிய விவசாயத் தம்பதியரின் கொலையையும், அதன் பழி புகலிடம் தேடி வந்தோர் மீது விழுந்து வன்முறையாக மாறுவதையும் காட்டுகின்றது. புலம்பெயர்வின் துயரை அறிந்த எமக்கு அந்நாவல் அந்நியமாகத் தோன்றாது. 1993இல் அப்பரிசைப் பெற்ற டென்மார்க் எழுத்தாளர் பீற்றர் ஹோவின் நாவல், கிறீன்லாந்துடன் டென்மார்க் கொண்ட குடியேற்றவாத உறவைத் தொடுகின்றது. ஐஸ்லாந்தின் ஆர்நல்தூர் இந்திரிதாசன் 2002இலும் 2003இலும் தொடர்ந்து பெற்றார். ஒரு பரிசுப் பட்டியல் ஐந்து நாடுகளின் வரைபடமாகிவிடுகின்றது.

மூன்றாவது, பதிப்பு வரிசை. 'கறுப்பு வரிசை' போன்ற ஒன்றை நன்கறிந்த பதிப்பாசிரியர் நடத்தும்போது, அவரது தெரிவே ஒரு விமர்சனமாகும்.

5

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். முதலாளித்துவச் சந்தை தன்னைக் குற்றஞ்சாட்டும் எழுத்தையும் பண்டமாக்க வல்லது. தீவிர வலதுசாரிகளை ஆராய்ந்த இடதுசாரிப் பத்திரிகையாளர் ஸ்ரீக் லார்சன் 2004இல் மறைந்தார். அடுத்த ஆண்டு முதல் வெளிவந்த அவரது மூன்று நாவல்கள் உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையாயின. அதன்பின் 'நோர்டிக்' என்பதே ஒரு வியாபாரக் குறியாயிற்று. பனியும் இருளும் சோகமுடைய பொலிஸ்காரனும் அட்டைப்படத்திலே போதுமாயின. ஷோவாலும் வாலூவும் எழுப்பிய வினா பல நூல்களில் உதிர்ந்துவிட்டது. மறுபுறத்தில், அரசியல் சரியாக இருப்பதனால் மாத்திரம் ஒரு நாவல் நன்றாகிவிடாது. பாத்திரங்கள் ஆசிரியரின் கருத்துக்களை ஒப்புவிக்கும் இடங்கள், நாம் போற்றும் சுவீடிஷ் வரிசையின் பிற்பகுதியிலும் உண்டு. சஸ்பென்ஸ் இல்லாத குற்ற நாவலை எவரும் படித்து முடிக்கப்போவதில்லை.

ஆகவே புதிய ஆசிரியர் ஒருவரின் நூலைக் கையிலெடுக்கும்போது மூன்று வினாக்களை மனங்கொள்ளுமாறு கூறுவோம். குற்றம் எங்கிருந்து வருகின்றது, கெட்ட மனம் ஒன்றிலிருந்தா, மனித உறவுகளிலிருந்தா? துப்பறிபவர் எவருக்காக உழைக்கின்றார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? கொலையாளி அகப்பட்டபின்னும் தீராது எஞ்சி நிற்பது யாது? மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்கும் நூலின் ஆசிரியரைத் தொடர்ந்து படிக்கலாம். அந்த எச்சம் எதுவோ, அதுவே அடுத்த ஆசிரியரையும் சுட்டும்.

தமிழிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதியபோது, விறுவிறுப்பான நாவலுக்கு ஒரு பெரிய வாசகர் கூட்டம் உண்டென்பது நிரூபணமாயிற்று. அவ்வாசகரின் வழித்தோன்றல்களுக்கு மேற்கூறிய நாவல்களை நல்ல தமிழில் தருவது, மொழிபெயர்ப்பாளர் ஏற்கவேண்டிய முற்போக்கான பணியாகும்.

அம்மாணவரிடம் 'இரத்த அறுவடை'யையும் 'ரோசெயன்னா'வையும் ஆங்கிலத்திற் கொடுத்தோம். முன்னதை இரண்டு நாளில் முடித்தார். பின்னதைத் திருப்பித் தந்தபோது, கதை மெதுவாகச் செல்கின்றது, பொலிஸார் மாதக்கணக்கில் எதையும் கண்டுபிடிக்காமல் இருக்கின்றனர் என்று குறைகூறினார். கொலையாளி யார் என்பதைவிட, இறந்த பெண் யார் என்று அறியவே தமக்கு ஆவலாயிருந்தது என்றும் சொன்னார். பின்னர், அவ்வரிசையின் இரண்டாம் நாவல் எம்மிடம் உண்டோ என வினவினார். இம்முறை அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை.