நான்கு வர்ணங்களில் ஒரு முகம்

மனித முகத்தைத் தத்ரூபமாகத் தைலவர்ணத்தில் எழுதுவதற்குக் கடையிலுள்ள சாயங்கள் அத்தனையும் வேண்டுமென்று எண்ணிக் குழல் குழலாக வாங்கி அடுக்கிவிட்டு, எதனோடு எதைக் கலப்பதென்று திகைத்து நிற்கும் இளைஞர்கள், ஸ்வீடன் தேசத்து ஓவியர் ஆன்டர்ஸ் ஸோர்ன் 1896-இல் எழுதிய சுயசித்திரத்தை ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் நலம். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்திலுள்ள அப்படத்தில் அவர் ஏந்தியிருக்கும் வர்ணப்பலகையில் காணப்படுபவை வெள்ளை, மஞ்சட்காவி, சாதிலிங்கச் சிவப்பு, கறுப்பு என்ற நான்கே.

நீலமும் பச்சையும் இல்லாமல் முகம் எப்படி உயிர் பெறும்? எலும்புக் கரியிலிருந்து எடுக்கும் அந்தக் கறுப்பு இயல்பிலேயே சற்றுக் குளிர்ந்த நிறமாகையால், வெள்ளையோடு கலந்து சாம்பலாகி, சிவந்ததொரு கன்னத்தின் அருகில் அமரும்போது, நம் கண் அதை நீலமென்றே கொள்கிறது. மஞ்சட்காவியில் அதே கறுப்பைச் சிறிது சேர்த்தாலோ, பாசியின் பசுமை தோன்றுகிறது. நெற்றியில் மஞ்சளும், இரத்தம் மிகுந்தோடும் மூக்கு நுனியிலும் காதுமடலிலும் சிவப்பும், மழித்த தாடையில் அந்தச் சாம்பல் நீலமுமாகப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டால், சதையின் வெதுவெதுப்பே கித்தானில் வந்துவிடுகிறது. எல்லாக் கலவைகளும் ஒரே நான்கின் சந்ததியாகையால் அவற்றுள் பகை நேர்வதும் அரிது; என் கருத்தில் இம்முறையின் பெரும்பேறு இதுவே.

இவ்வழி ஸோர்ன் கண்டுபிடித்ததன்று. பண்டைக் கிரேக்கத்தின் அப்பெல்லஸ் முதலானோர் இத்தகைய நான்கு வர்ணங்களாலேயே அமர சிருஷ்டிகளைச் செய்தனர் என்று ரோமாபுரி ஆசிரியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஸோர்னும் எப்போதும் நான்கோடு நின்றவரல்லர். வேண்டியபோது வேறு சாயங்களையும் தாராளமாக எடுத்தார்.

வர்ணங்கள் எத்தனையாயினும், ஒளியும் நிழலும் பிசகினால் அவற்றுள் எதுவும் முகத்தைக் காப்பாற்றாது. ஆகவே முதலில் கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்து, முகத்தில் இருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று நிச்சயித்துக்கொண்டு, நிழலை மெல்லிய பூச்சாகவும் ஒளியைத் தடித்த பூச்சாகவும் வைப்பது பழைய மரபு.

அக்காலத்து ஈயவெள்ளையும் பாதரசம் கலந்த சாதிலிங்கமும் விஷமுள்ளவை; இன்று டைட்டேனியம் வெள்ளையையும் காட்மியம் சிவப்பையும் கொள்கிறார்கள். தைலவர்ணம் பழக விரும்பும் அன்பர்கள் நீலக்குழலைச் சிலகாலம் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஜன்னலோரத்தில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, இந்நான்கினால் தம் முகத்தையே முதலில் எழுதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.