உஷார்! காய்ச்சலை செக்போஸ்ட் பிடிக்காது

கேரளத்தில் நிபா என்று டி.வி.யில் ஓடினால் ஒட்டன்சத்திரத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "லோடு போகுமா, நிக்குமா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. காந்தி காய்கறி மார்க்கெட்டில் இறங்கும் முருங்கை, தக்காளி, வெண்டை, பூசணியில் பெரும்பங்கு மலையாளக் கரைக்குத்தான் ஏறுகிறது. ஊரின் அடுப்பு அதை நம்பி எரிகிறது. ஆனால் போன லாரி திரும்பியும் வருகிறதே, அதைப் பற்றி யார் கேட்கிறோம்?

பீதி கிளப்ப எழுதவில்லை. வருடங்களைப் பாருங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிரா பக்கம் ஆரம்பித்து 17 உயிர் போயிற்று. 2019 ஜூனில் எர்ணாகுளம். 2021 செப்டம்பரில் மறுபடி கோழிக்கோடு, 2023 செப்டம்பரிலும் அங்கேயே. 2024 ஜூலையிலும் செப்டம்பரிலும் மலப்புரம். 2025 ஜூலையில் மலப்புரத்தோடு பாலக்காடும் சேர்ந்துகொண்டது. பாலக்காடு எங்கோ இல்லை. பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டினால் வந்துவிடும். நம் டிரைவர்கள் ராத்திரி கிளம்பி விடிவதற்குள் சரக்கை இறக்குகிற ஊர்கள் அந்தப் பக்கம்தான். நிபா வந்தவர்களில் 100க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் அரசு உடனே செய்வது எல்லையில் சோதனை. வாளையாறில் வண்டியை நிறுத்தி நெற்றியில் கருவியைக் காட்டுவார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். நிபா கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாகத் தெரிய பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். இன்று எல்லை தாண்டும் டிரைவருக்குச் சூடே இருக்காது. சூடு ஏறும்போது அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பார், இல்லையென்றால் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். ஆக, பிடிக்க வேண்டிய இடம் நம் ஊர். பிடிக்க வேண்டியது நம் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும்.

லோடுமேனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்? மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி மூட்டை தூக்குகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. 'கேரளக் காய்ச்சல்' என்று பேர் வந்துவிட்டால் இரண்டு வாரக் கூலியும் போச்சு, பக்கத்து வீட்டுப் பேச்சும் போச்சு. அவர் மறைக்கத்தான் செய்வார். நானாக இருந்தாலும் மறைப்பேன். தனி வார்டு, கவச உடை, கிருமிநாசினி என்று எத்தனை பக்கத்துக்குத் திட்டம் போட்டாலும், தனிமையில் இருக்கும் நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது என்பது அதில் இல்லையென்றால் அந்தக் காகிதத்தில் வடை மடிக்கலாம். 2018இல் கோழிக்கோட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்பாளர்களைத் தேடிப் பிடித்தார்கள். தனிமையில் இருந்த குடும்பங்களுக்கு அரிசி, மளிகை வீடு தேடிப் போனது. கமிஷன் கடைக்காரர்கள், தொழிற்சங்கம், நகராட்சி மூவரும் உட்கார்ந்து இப்போதே ஒரு நிதி ஒதுக்கினால் ஆகாத காரியமா இது?

கோயம்பேட்டை மறந்துவிட்டோம். 2020 ஏப்ரல் கடைசியில் அந்த மார்க்கெட்டில் கொரோனா பரவியது தெரிந்தது. மே 5இல் மூடினார்கள். அதற்குள் தொழிலாளர்கள் கிடைத்த வண்டியில் ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் சேர்ந்துவிட்டார்கள். யார் எந்தக் கடையில் வேலை பார்த்தார், எந்த ஊர், என்ன நம்பர் என்று ஒரே இடத்தில் பதிவு இருந்திருந்தால் தேடுவது பாதியாகக் குறைந்திருக்கும். திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்ததும் மூடிய பிறகுதான். ஒட்டன்சத்திரத்தில் டிரைவர், கிளீனர், லோடுமேன், தரகர் எல்லாருக்கும் பேர், போன் நம்பர், போய்வந்த ஊர் எழுதிய ஒரு நோட்டு போதும். அவசரத்துக்கு மாற்று மைதானம் எது என்பதையும் அமைதியாக இருக்கும்போதே குறித்துவைக்க வேண்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி வரிசை. நிபா அதிகம் பரவிய இடம் அதுதான். 2001இல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள்; நோயாளிகளில் முக்கால்வாசி ஆஸ்பத்திரி ஊழியர்களும் பார்க்க வந்தவர்களும். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி 2018 மே மாதம் இறந்ததை நாடே பார்த்தது. அதனால் ஜி.ஹெச்.சிலும் சரி, தனியார் கிளினிக்கிலும் சரி, காய்ச்சலோடு வருபவரிடம் முதல் கேள்வி, "இந்த ரெண்டு வாரத்துல எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தீங்க?" என்பதாக இருக்கட்டும். காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ புத்தித் தடுமாற்றமோ இருந்தால் தனி அறை. மெடிக்கல் கடைக்காரரையும் இந்த வலைக்குள் கொண்டுவர வேண்டும். ஒரே மண்டியிலிருந்து நாலு பேர் மாத்திரைக்கு வந்தால் அது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: நிபா காய்கறி மூட்டையில் ஏறி வருவதில்லை. பழந்தின்னி வௌவால் கடித்த பழம், நோயாளியின் எச்சில், சளி போன்றவற்றின் நெருக்கம், இவைதான் வழி. ஆனால் வதந்திக்கு இதெல்லாம் தெரியாது. 2018இல் ஐக்கிய அரபு அமீரகம் கேரளத்துப் பழம், காய்கறிக்கே தடை போட்டது. கள்ளிமந்தையத்திலும் இடையகோட்டையிலும் விளைந்ததை வாங்க ஆளில்லாமல் ரோட்டில் கொட்டும் நிலை வர ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். முதல் நாளே தெளிவாகப் பேச நகராட்சியில் ஓர் அதிகாரியைப் பேர் சொல்லி நியமிக்க வேண்டும். வௌவால் மரத்தை வெட்டுகிறேன், வெடி போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுப்பதும் அவர் வேலை. மிரண்ட வௌவால் இடம் மாறும், கிருமியும் கூடவே போகும். 2023இல் வெளிவந்த புனே வைராலஜி நிறுவனத்தின் ஆய்வில் தமிழ்நாட்டு வௌவால்களிலும் நிபாவின் தடயம் தெரிந்திருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்துதான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

அதிகாரம் இல்லை என்று நகராட்சி சொல்ல முடியாது. 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்று நோய் விஷயத்தில் உள்ளாட்சிக்கும் சுகாதார அலுவலருக்கும் போதுமான பிடி கொடுத்திருக்கிறது. செலவு வீண் என்பார்கள். நிபா வராமலே போகலாம், டெங்கு வரும். 2017இல் தமிழ்நாட்டில் 65 பேரைக் கொண்டுபோனது. அதே நோட்டும் அதே கேள்வியும் அதற்கும் உதவும்.

மேலே சொன்ன மாதங்களை இன்னொரு முறை பாருங்கள்: மே, ஜூன், ஜூலை, செப்டம்பர். ஓணம் லோடு உச்சத்தில் இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். ஏப்ரல் மாத நகர்மன்றக் கூட்டத்திலேயே உங்கள் வார்டு கவுன்சிலரை எழுந்து கேட்கச் சொல்லுங்கள்: நோட்டு எங்கே, தனி அறை எங்கே, கூலிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?