எண்பதுகளின் பொது நினைவும் தூர்தர்ஷனும்: கண்டவையும் காணாதவையும்

முன்னுரை

ஒரு பத்தாண்டை அதன் நிகழ்வுப் பட்டியலைக் கொண்டு அறிமுகப்படுத்துவது பண்பாட்டு வரலாற்று நூல்களின் வழக்கம். இந்தியாவின் எண்பதுகளுக்கும் அத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. ஆசிய விளையாட்டு, உலகக்கோப்பை, இந்திரா காந்தி படுகொலை, போபால், இராமாயணத் தொடர் என அது நீளும். இவையனைத்தும் மக்கள் நினைவில் ஒரே வகையாகப் பதியவில்லை என்பதைப் பட்டியல் மறைத்துவிடுகிறது. நிகழ்வின் பருமையைவிட அது காட்சியாக வீட்டுக்குள் வந்ததா என்பதே நினைவின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வலைப்பின்னலும் வெற்றியும்

1959-இல் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. 1982 ஆகஸ்ட் 15-இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் அறிமுகமாயின. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளே இவ்விரைவுக்கு உடனடிக் காரணம். 1983-இல் இன்சாட்-1பி விண்ணில் நிறுத்தப்பட்டது. (அதனைச் சுமந்து சென்ற சேலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28-இல் வெடித்துச் சிதறியதும் அதே பத்தாண்டின் அழியாக் காட்சிகளுள் ஒன்று.) 1984-இல் சில மாதங்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்னும் வேகத்தில் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன.

1983 உலகக்கோப்பையின் இரு ஆட்டங்கள் இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமானவை. ஜூன் 25-இல் லார்ட்ஸ் திடலில் 183 ஓட்டங்களே எடுத்த இந்திய அணி, மேற்கிந்தியத் தீவுகளை 140 ஓட்டங்களுக்குள் சுருட்டி 43 ஓட்டங்களில் வென்றது. கபில்தேவ் கோப்பையை ஏந்தி நிற்கும் காட்சி அன்றிலிருந்து மீண்டும் மீண்டும் காட்டப்பட்டு வருகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18-இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்ந்திருந்த நிலையில், அதே கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் குவித்தார். அவ்வாட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. முன்னது காட்சியாகவும் பின்னது கதையாகவும் வாழ்கின்றன. காணாத ஆட்டம் வாய்மொழி மரபுக்குரிய இயல்போடு சொல்லச் சொல்ல வளர்ந்தது.

1984: காட்டியதும் காட்டாததும்

1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அயல்நாட்டு வானொலிவழி இறப்புச் செய்தி பரவிய பின்னரே, மாலையில் அரசு ஊடகங்கள் அதனை அறிவித்தன. செய்தியில் பின்தங்கிய தொலைக்காட்சி, சடங்கில் முதலிடம் பெற்றது. தீன் மூர்த்தி இல்லத்தில் வைக்கப்பட்ட உடலும் நவம்பர் 3-இல் நடந்த இறுதி ஊர்வலமும் நேரலையாக நாடெங்கும் சென்றன. அதே நாள்களில் தில்லித் தெருக்களில் சீக்கியர் கொல்லப்பட்டனர். தில்லியில் மட்டும் 2,733 பேர் என்பது பின்னாளைய அரசுக் கணக்கு. நேரலையின் மையம் தீன் மூர்த்தி இல்லமாகவே இருந்தது. ஆகவே ஒரு மரணம் நாட்டின் பொது நினைவாகவும், மற்ற மரணங்கள் உறுதிமொழிப் பத்திரங்களிலும் ஆணைய அறிக்கைகளிலும் தேடிக் கண்டடைய வேண்டிய நினைவாகவும் பிரிந்தன. இதனை ஊடகத்தின் தற்செயலான விடுபாடு என்று கொள்வது கடினம். ஒரே ஒளிபரப்பு நிறுவனம், அதுவும் அரசின் துறையாக இருந்த சூழலில், கேமரா எங்கு நிற்கிறது என்பது நிருவாக முடிவும் ஆகும்.

ஒரு மாதத்திற்குள் போபால். டிசம்பர் 2-3 இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. தொடக்ககால அரசுக் கணக்கில் உடனடி இறப்பு 2,259. நச்சுக்காற்று பரவிய அவ்விரவுக்கு நேரலை ஏதுமில்லை. நாடு அதனை நினைவுகொள்வது பெரும்பாலும் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டும் நிழற்படத்தின் வழியாகவே. இரகு ராய், பாப்லோ பர்தலோமியூ ஆகிய இருவரும் அதனைப் படம்பிடித்தனர். பின்னவரின் படம் உலகப் பத்திரிகை நிழற்பட விருது பெற்றது.

தமிழகத்தில் அவ்வாண்டின் முதன்மைக் காட்சி தூர்தர்ஷனுக்கு வெளியே உருவானது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அங்கு எடுக்கப்பட்ட ஒளிப்பதிவு வீடியோ கேசட்டுகளாக ஊர்தோறும் திரையிடப்பட்டது. தொகுதிக்கு வராமலே ஆண்டிபட்டியில் அவர் வென்றார். அவரது கட்சி 132 இடங்களைப் பெற்றது. அவர் உயிரோடிருக்கிறாரா என்ற ஐயத்திற்கு மேடைப்பேச்சு அளிக்கவியலாத விடையைச் சில நிமிட அசையும் படம் அளித்தது. திரைப்படத்தால் தலைவரான ஒருவருக்கு இறுதித் தேர்தலிலும் திரையே துணைநின்றது எனலாம். வாக்குப்பதிவு நாளான டிசம்பர் 24-ஆம் நாளிலேயே, மூன்றாண்டுகள் கழித்து, அவர் மறைந்தார்.

தொடர்களும் மொழியும்

1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’ 156 பகுதிகளாக ஓடியது. அதன் வெற்றியே இராமானந்த் சாகரின் ‘இராமாயண’த்துக்கு (1987 ஜனவரி 25 – 1988 ஜூலை 31) வழியமைத்தது. ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டதே. எனினும், கம்பனையும் கூத்துமரபையும் அறிந்த தமிழ்ப் பார்வையாளர்க்கு இத்தொடர் இந்தியில் வந்தது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட மாநிலத்தில், கதை தெரிந்திருந்தமையால் மொழி தெரியாமலே பார்க்க முடிந்தது. தேசிய நிகழ்ச்சியின் இந்திச் செய்திக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. சென்னை நிலையத்தின் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலைத் தமிழ்த் திரைப்படம் ஆகியவற்றுக்காகவே வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி காத்திருந்தது. அண்டை வீட்டார் கூடிப் பார்த்த இந்நிகழ்ச்சிகள் தேசிய நிகழ்வுப் பட்டியல் எதிலும் இடம்பெறுவதில்லை. அவற்றைப் பற்றிய சான்றுகள் அக்கால வார இதழ்களின் வாசகர் கடிதங்களிலும் சிறுகதைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் ஊடக ஆய்வு முதலில் தொகுக்க வேண்டியவை அவையே.