கடலில் எண்ணெய் கொட்டினால் யார் பணம் கட்டணும்?

2017 ஜனவரி 28. எண்ணூரில் 2 கப்பல்கள் மோதி எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் அள்ளிய காட்சி நினைவிருக்கா? சரி, மீனவர்களுக்கு இழப்பீடு யார் தரணும்?

கப்பல்னா, அதன் உரிமையாளர். இந்தியாவும் ஏற்ற பங்கர் ஒப்பந்தப்படி, தப்பு யார் மேல என மீனவர் நிரூபிக்கத் தேவையில்லை. 1,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்கலாம். ஆனா, கப்பலின் அளவைப் பொறுத்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. பாதிப்பு நடந்த 3 ஆண்டுக்குள் வழக்கு போடணும்.

கரையில் உள்ள ஆலைன்னா? கப்பல் ஒப்பந்தம் அங்கே செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதி எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 'மாசுபடுத்தியவரே கட்டணும்' என்பதே அங்கு விதி. இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம்.

எதுவானாலும் படகு, வலை சேதத்தை அன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.