பக்கத்து இருக்கையில் யார்?

விடுமுறைக்குத் தஞ்சோங் கிளிங் திரும்பும்போதெல்லாம் மலாக்கா சென்ட்ரல் வரை விரைவுப் பேருந்தில்தான் வருவேன். ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் யாரென்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சென்ற விடுமுறையில் அம்மாவோடு 'எங்கேயும் எப்போதும்' படம் பார்த்த பிறகு அது மாறிவிட்டது.

ஏ.ஆர்.முருகதாஸ் தயாரிப்பில் எம்.சரவணன் இயக்கிய இந்தப் படம் 2011 செப்டம்பர் 16ஆம் தேதி வெளிவந்தது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகள் மோதுவதோடு படம் தொடங்குகிறது. அதன் பிறகே, பயணம் செய்தவர்களின் கதை பின்னோக்கிச் சொல்லப்படுகிறது.

முடிவு தெரிந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் மணிமேகலை (அஞ்சலி) கதிரேசனை (ஜெய்) அதட்டும்போதும், சென்னைக்குப் புதிதாக வந்த அமுதா (அனன்யா) யாரையும் நம்பாமல் கௌதமைப் (சர்வானந்த்) பாடாய்ப் படுத்தும்போதும், சிரிப்பின் நடுவே 'இவர்களில் யார் பிழைப்பார்கள்?' என்ற பயம் வந்துவிடுகிறது. வெளிநாட்டு வேலையிலிருந்து மகளைப் பார்க்க வரும் அப்பா, பிரிய மனமில்லாத புதுமணத் தம்பதி என்று ஒருவரையொருவர் அறியாதவர்கள்தாம் அந்தப் பேருந்துகளில் இருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சாலைகளிலும் இதுதானே நடக்கிறது? 2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, மலாக்காவில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் லோரியிலிருந்து கழன்று விழுந்த சக்கரத்தால் ஏற்பட்ட விபத்தில் எழுவர் உயிரிழந்தனர். 2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலை, கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்ததில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தனர். விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிய, என் வயதுப் பிள்ளைகள். இத்தகைய செய்திகளில் எண்ணிக்கையைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இந்தப் படம் அப்படிப் புரட்ட விடுவதில்லை.

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளில் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாகியுள்ளது. மீறினால் 300 ரிங்கிட் அபராதம். அபராதத்துக்குப் பயந்து அணிவதில் தவறில்லை. ஆனால் வாசலில் நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று நினைத்து அணிந்தால், இறங்கும்வரை அதைக் கழற்றத் தோன்றாது.

சென்ற வாரம் என் பக்கத்தில் ஒரு மலாய்ப் பாட்டி அமர்ந்திருந்தார். வாரைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினார். பூட்டிவிட்டேன். பேரனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அன்று நான் தூங்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.