பழைய கைத்துப்பாக்கியும் புதிய தோட்டாவும்

பண்டாரவளையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பாதை தியத்தலாவையைக் கடந்து ஹப்புத்தளைக் கணவாயை அடைகின்றது. அக்கணவாயில் 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள் மின்னல் தாக்கி ஓர் ஆங்கில அதிகாரி உயிரிழந்தார். அவரே மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் ஆட்சிப் பொறுப்பு வகித்த அவர் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகின்றது. அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கின்றது. ஊவா நாட்டில் துவக்கின் கதையைப் பேசத் தொடங்குவோர் எவரும் அவர் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. அக்கதையில் பெருமை எவ்வளவு, பழி எவ்வளவு என்பது வேறு விசாரணை.

ரொஜர்ஸ் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின் நுவரெலியாவில் வந்து குடியேறினார் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்றவர் இவரே. இளமையிலேயே இவர் தமக்கென ஒரு துவக்கைத் திட்டமிட்டு, பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்னும் தொழிலகத்தில் செய்வித்துக்கொண்டார். அதன் எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். குண்டின் நிறை 3 அவுன்ஸ். ஒரு வெடிக்கு 16 திராம், அதாவது ஓர் அவுன்ஸ் வெடிமருந்து வேண்டும். ஒருவன் தன் உடல் வலுவுக்கும் தன் தேவைக்கும் ஏற்ப ஆயுதத்தை அமைத்துக்கொள்வது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பேக்கரின் துவக்கு பிறக்கும்போதே அவருக்கெனப் பிறந்தது. குழலின் தடிப்பும் துளையின் அகலமும் மருந்தின் அளவும் ஒன்றையொன்று அறிந்து அமைந்தவை. ஒரு தோட்டாவுக்கென முன்னரே செய்து முடித்த ஆயுதத்தை, பின்னொரு நாளில் வேறொரு தோட்டாவுக்கு ஏற்ற வகையில் மாற்றுவது முற்றிலும் வேறான காரியம். இப்பேச்சின் பொருள் இவ்விரண்டாவது காரியமே. அதிலும் கைத்துப்பாக்கியைப் பற்றியது.

தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் ஒரு காலத்தில் சுழல் துப்பாக்கி ஒன்று இரும்புப் பெட்டியிலோ மேசை இழுப்பறையிலோ இருப்பது வழக்கம். சம்பளப் பணத்தைப் பாதுகாக்கவும், இரவில் தனிவழி செல்லும்போது துணையாகவும் அது கருதப்பட்டது. துரைமாரில் பலர் போரில் சேவை செய்தவர்கள். போர்க்காலத்து ஆயுதமே அவர்களுடன் திரும்பி வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் நிறைவேறித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரும் நாடு திரும்பினர். அவ்வாறான பழைய ஆயுதத்தைக் கையிலே வைத்திருப்பவன் எந்த நாட்டிலும் விரைவில் ஒரு கேள்வியைச் சந்திக்கின்றான். துப்பாக்கி நன்றாயிருக்கின்றது, தோட்டாவோ கிடைப்பதில்லை. இலகுவாகக் கிடைக்கும் தோட்டாவுக்கு இதனை மாற்றிவிட்டால் என்ன?

இதற்கு விடை காண, துளை விட்டம் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். குழலின் உள்வாயின் அகலத்தையே துளை விட்டம் என்பர். ஆங்கில முறையில் அது அங்குலத்தின் பின்னமாகக் குறிக்கப்படும். ஐரோப்பிய முறையில் மில்லிமீற்றராக. ஆயினும் தோட்டாவின் பெயரிலுள்ள எண் மெய்யான அளவைச் சொல்லும் என்று நம்பிவிடலாகாது. .38 என்று பெயர் பெற்ற தோட்டாக்களுள் ஒன்றன் குண்டு .361 அங்குலம், மற்றொன்றன் குண்டு.358 அங்குலம். இரண்டுமே .38 அல்ல. இவ்வெண்கள் பெரும்பாலும் வணிகர் இட்ட பெயர்களேயன்றி அளவுகோல் இட்டவை அல்ல. இந்தச் சிறு பெயர்க் குழப்பமே பல விபத்துகளுக்கு வித்தாயிற்று.

பிரித்தானியப் படை 1887 முதல் வெப்ளி என்னும் சுழல் துப்பாக்கியைக் கையாண்டது. நெடுங்காலம் அதன் தோட்டா .455. பெரிய குண்டு, மெதுவான வேகம், கையை உலுக்கும் உதைப்பு. முதல் உலகப் போரின் பின், குறைந்த பயிற்சியுள்ள சிப்பாய்களும் எளிதிற் பயிலக்கூடிய இலேசான ஆயுதம் வேண்டுமெனக் கருதி, 1932இல் .38 தோட்டாவுக்கான என்பீல்ட் சுழல் துப்பாக்கியைப் படை ஏற்றுக்கொண்டது. இலட்சக்கணக்கான வெப்ளிகளைக் கையில் வைத்திருந்த பேரரசு, அவற்றின் உருளைகளைக் குடைந்தும் அடைத்தும் மாற்றாமல், புதிய ஆயுதத்தையே செய்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

இரண்டாம் உலகப் போரில் என்பீல்ட் போதாமற்போகவே, அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் தொழிலகம் அதே .38 தோட்டாவுக்கு விக்டரி என்னும் பெயருடைய சுழல் துப்பாக்கிகளைச் செய்து, பிரித்தானியாவுக்கும் பொதுநலவாய நாடுகளுக்கும் ஐந்து இலட்சத்துக்கும் மேல் வழங்கிற்று. போர் முடிந்தபின் அவை மலிந்து சந்தைக்கு வந்தன. அமெரிக்காவிலோ .38 ஸ்பெஷல் என்னும் வேறொரு தோட்டாவே எங்கும் கிடைப்பது. ஆகவே பட்டறைக்காரர் பலர் விக்டரியின் அறைகளை நீளமாக்கி .38 ஸ்பெஷல் தோட்டா உட்செல்லும்படி செய்து விற்றனர்.

பார்வைக்கு இது புத்திசாலித்தனமான வேலை. தோட்டா உள்ளே செல்லும், வெடிக்கும், குண்டும் வெளியேறும். ஆனால் பழைய தோட்டாவின் பித்தளைக் கூடு .386 அங்குல அகலம், புதியதன் கூடு.379 அங்குலம். அறையை நீட்டலாம், ஏற்கனவே அகன்றுள்ள அதன் பின்பகுதியை எவராலும் ஒடுக்க முடியாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு என்றால் தலைமயிர் இரண்டின் தடிப்பு இருக்கும். அவ்வளவு இடைவெளி போதும், வெடிக்கும் கணத்தில் கூடு உப்பி, சில வேளைகளில் நீளவாட்டிற் பிளந்துவிட. பிளந்த கூட்டின் வழியே கொதிக்கும் வாயு சுடுபவனின் முகத்தை நோக்கித் திரும்பும் அபாயமும் உண்டு. அத்தோடு .358 அங்குலக் குண்டு, .361 அங்குலக் குண்டுக்காக வெட்டப்பட்ட குழலிலே இறுகப் பொருந்தாமற் செல்வதால், குறி தப்புவது வழக்கமாயிற்று. மலிவாக வாங்கியவன் துல்லியத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே விலையாகக் கொடுத்தான்.

வெப்ளிக்கு நேர்ந்த கதை இன்னும் கொடியது. அதன் உருளையின் பின்புறத்தைச் சிறிது சீவிவிட்டால், அமெரிக்கரின் .45 தன்னியக்கத் தோட்டாவை அரைவட்டத் தகடுகளிற் பொருத்தி அதனுட் செலுத்தலாம். ஆயிரக்கணக்கான வெப்ளிகள் இவ்வாறு சீவப்பட்டன. ஆனால் .455 தோட்டா எழுப்பும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல்; .45 தன்னியக்கத் தோட்டாவுக்கு உரிய உச்ச அழுத்தமோ 21,000 இறாத்தல். முதல் வெடியில் ஒன்றும் நேராதிருக்கலாம். நூறாவது வெடியிலும் நேராதிருக்கலாம். உருக்கு களைப்படைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உருளை வெடிக்கும் நாளிலேதான் அது தெரியவருகின்றது.

பிரித்தானியாவிலே இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தனர். இலண்டனிலும் பேர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகளில் ஒவ்வொரு துப்பாக்கியும் வழக்கமான அளவிலும் மிகுதியான மருந்து இட்டு வெடிக்கப்பட்டு, தாங்கிய பின்னரே முத்திரை பெறும். அந்த முத்திரை அந்தத் தோட்டாவுக்கு மட்டுமே உரியது. அறையைக் குடைந்த கணமே முத்திரையின் வாக்குறுதி முடிந்துவிடும். மறுபடியும் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பழைய துப்பாக்கியை வாங்குபவன் அதன் மினுக்கத்தைப் பார்ப்பதிலும் முத்திரையைப் பார்ப்பது நலம்.

தோட்டா மாறுதலைப் பொறுப்போடு செய்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டில் அமைந்த முகாமிலே ஏறத்தாழ ஐயாயிரம் போயர் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் காலத்திற் பெயர்பெற்றிருந்த கைத்துப்பாக்கி ஜேர்மனியின் மௌசர். இளம் அதிகாரியாயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் 1898இல் சூடான் போரில் ஏந்திச் சென்றதும் அதுவே. அதன் தோட்டா 7.63 மில்லிமீற்றர். 1916இல் ஜேர்மன் படை, தன் வழக்கமான 9 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு ஏற்றவாறு 1,50,000 மௌசர்களைச் செய்யும்படி பணித்தது. இங்கேயும் பழையதைக் குடையவில்லை. தொழிற்சாலையிலேயே புதிதாகச் செய்தனர். அவ்வாறிருந்தும் இரண்டு தோட்டாக்களும் கலந்துவிடுமே என்ற அச்சம் நீங்கவில்லை. ஆதலால் மரப்பிடியில் 9 என்னும் எண்ணைப் பெரிதாகச் செதுக்கிச் சிவப்பு வர்ணம் பூசினர். கைத்தொழிலில் உலகுக்கு முன்னின்ற நாடே இவ்வளவு அஞ்சியதென்றால், முத்திரையும் குறியுமின்றி மாற்றப்பட்ட ஒரு துப்பாக்கி, அதன் வரலாறு அறியாத அடுத்தவன் கைக்குப் போகும்போது என்ன நேரும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லா மாறுதலும் வீண்தானா? அன்று. பெரிய துப்பாக்கியிலே சிறிய .22 தோட்டாவைச் சுட உதவும் இணைப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே உண்டு. மொறிஸ் குழல் என்பது அவற்றுள் முந்தியது. பெரிய குழலுக்குள்ளே மெல்லிய குழலொன்றைச் செருகிப் பயிற்சி செய்வர். 1930களில் கோல்ட் தொழிலகம் .45 தன்னியக்கத் துப்பாக்கிக்கு இத்தகைய இணைப்பொன்றை வெளியிட்டது. செலவு குறையும், உதைப்புக் குறையும், பயில்பவன் வெடியோசைக்கு அஞ்சிக் கண் மூடும் வழக்கமும் நீங்கும். எல்லாவற்றிலும் மேலாக, இணைப்பைக் கழற்றினால் பழைய துப்பாக்கி பழையபடியே இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு, மீட்கக்கூடிய முறையில், ஆயுதத்தைச் செய்த தொழிலகமே தரும் உறுப்பினால் மாற்றுவது பயனுள்ளது. சிறியதிலிருந்து பெரியதற்கு, மீளாத முறையில், அயற் பட்டறையில் மாற்றுவது பயனற்றது. இடைப்பட்டவை பலவுண்டு, அவற்றிற் பெரும்பாலானவை செலவுக்குத் தகாதவை. அந்தப் பணத்துக்குப் பொருத்தமான வேறொரு துப்பாக்கியே கிடைத்துவிடும்.

துளையைத் தொடாமற் செய்யும் அலங்கார வேலைகளும் உண்டு. உள்ளங்கைக்கு ஏற்ற பிடி, மங்கிய ஒளியிலும் தெரியும் முன்குறி ஆகியன நன்மையே. விசையின் இழுப்பை இலேசாக்குவதுதான் ஆபத்தானது. போட்டிக் களத்தில் இலேசான விசை பதக்கம் தரலாம். தோட்டத்துக் கரடுமுரடான பாதையில் இடுப்பிற் கட்டிச் செல்பவனுக்கு அது தன் காலையே சுடும் வழி. உள்ளிருக்கும் சிறு உறுப்பொன்றன் அருமையை 1944ஆம் ஆண்டு உலகம் கண்டது. முற்கூறிய விக்டரி ஒன்று கப்பற் தளத்தில் விழுந்து வெடித்து ஓர் அமெரிக்கக் கடற்படை வீரன் இறந்தான். அதன் பின் சுத்தியல் முன்செல்லாது தடுக்கும் உறுப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டது. விசையை மென்மையாக்குகிறோம் என்று இத்தகைய தடையைக் கழற்றி எறியும் பட்டறைக்காரர் இன்றும் உலகெங்கும் உளர்.

துளை விட்டம் பொறியியற் செய்தி மட்டுமன்று; அரசியற் செய்தியுமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவை ஆண்ட பிரித்தானியர், படையினரின் தோட்டா குடிமக்கள் கைக்கு வந்துவிடுமோ என அஞ்சி .303, .450 ஆகிய துளைகளைத் தடைசெய்தனர். வேட்டைத் துவக்குச் செய்வோர் உடனே .465, .470 என எண்ணை மாற்றிப் புதிய தோட்டாக்களைப் படைத்தனர்! அதே அச்சத்தால் இந்தியாவின் ஈசாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் .303 துவக்குகள் குடையப்பட்டு, ஒற்றைவெடி .410 துவக்குகளாகக் காவலர்க்கு வழங்கப்பட்டன. பறிபோனாலும் எதிரிக்குப் பெரிதும் பயன்படாத ஆயுதமாக வேண்டும் என்பதே நோக்கம். ஆயுதத்தின் வலுவைக் குறைப்பதற்காகவே துளையை மாற்றிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்த நோக்கத்துக்கு அது நன்றாகவே பயன்பட்டது.

அந்த அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதை ஊவா நாடு பின்னர் அறிந்தது. 1971 ஏப்ரில் 5ஆம் நாள் அதிகாலையில் கிளர்ச்சியாளர் வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கினர். வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகள் அந்நாட்களிற் பறிக்கப்பட்டன. 1980களின் இறுதியிலும் அவ்வாறே. இலங்கையிலே துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. 1996இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலகத்திலும், தற்காப்புக் கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சிலும் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட ஆயுதத்துக்கே உரியது. அந்த ஆயுதத்தின் துளையை மாற்றியவன், பத்திரத்திலுள்ள ஆயுதம் ஒன்று, பெட்டியிலுள்ளது வேறொன்று என்ற நிலைக்குத் தன்னைத் தானே கொண்டுவந்து விடுகின்றான்.

பங்களாக்களின் கதை இவ்வாறிருக்க, சேனைப் புறங்களிலே கம்மாலையிற் செய்த இடியன் துவக்கும், பன்றிக்கென வழியிற் கட்டிவைக்கும் கட்டுத் துவக்கும் வேறொரு வகைக் கைவேலை. அவற்றுக்கு முத்திரையுமில்லை, துளைக்கு அளவுமில்லை. தண்ணீர்க் குழாயே குழல். கிடைத்த இரும்புத் துண்டே குண்டு. விறகு பொறுக்கச் சென்றவரும் குறுக்குப் பாதையில் வீடு திரும்பியவரும் அதன் கயிற்றிற் கால் தடுக்கி முழங்காலுக்குக் கீழே ஊனமுற்று மருத்துவமனைகளுக்கு வந்து சேர்கின்றனர்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு உரிமையாளரைக் கேட்டது. தோட்டா கிடைக்காத பழைய சுழல் துப்பாக்கியை வைத்திருப்பவர்க்கு, உருளையைக் குடையும் செலவும் உயிர் அச்சமுமின்றி அதனைக் கையளிக்க அது ஒரு வாய்ப்பாயிற்று.